விட்டிலுக்குச் சத்தம் கிடையாது

என் உயிரான மதினி சைனம்புக்கு,

கிணற்றுச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கோமு எழுதுகிறேன். உனக்கு ஓதத் தெரியும், தமிழெழுத்துத் தெரியாது. எனக்கு அஞ்சாம் வகுப்புவரைக்கும் படித்த எழுத்து இருந்தது. கொழும்பிலிருந்து உன் மகன் போடும் கடிதங்களைச் சுவருக்கு மேலே நீட்டி, "மொதல்ல கடைசி வரியப் படி மதினி, பிள்ள நல்லா இருக்கானான்னு பாப்போம். மத்ததப் பெறவு ஆற அமரக் கேட்டுக்கிடுதேன்" என்பாய். இதை அங்கே உனக்கு யார் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தின் கடைசி வரிக்கு முதல் வரியிலிருந்து நடந்துதான் வர வேண்டும்.

நாலு பேர் படிக்கப்போகிற கடிதத்தில் உன் பெயரைப் போட்டு எழுதுவது தெரிந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரிப்பாய். சிரித்துக்கொள்.

முதலில் தெருச் சேதி. நம் தெருவுக்கு மின்சார விளக்கு வந்துவிட்டது. உன் வீட்டு வாசலுக்கும் என் வீட்டு வாசலுக்கும் நடுவில் கம்பம் நட்டிருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் அது தானாக எரிகிறது, யாரும் திரி திருக வேண்டியதில்லை. எரிந்த கொஞ்ச நேரத்தில் விட்டில்கள் வந்துவிடுகின்றன. சாம்பல் நிறத்தில், தவிட்டு நிறத்தில், இறக்கையில் கண் வரைந்ததுபோல ஒரு பெரியது. சுற்றுகின்றன, கண்ணாடிக் குண்டில் முட்டுகின்றன, கீழே விழுகின்றன, கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பி மறுபடியும் போகின்றன. ஒன்றுகூடக் கருகவில்லை மதினி. வாசல் நடையில் உட்கார்ந்து நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன், தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாமல் போகிறது. விட்டில் வேகக்கூடாதென்று நீ கேட்டது நடந்துவிட்டது என்று சொல்லத்தான் மனசு முதலில் உன்னைத் தேடியது.

உன் தறியில் இப்போது உன் கொழுந்தன் மகன் உட்கார்ந்திருக்கிறான். கை பழகவில்லை. தறிச் சத்தம் சுவர் தாண்டி வரும்போது நீதான் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வேன். பிறகு தாளம் தட்டும், நீ இல்லை என்று தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே காலையில் அடுப்படியை விட்டுக் கிணற்றடிக்கு வந்து நிற்கிறேன்.

சத்தத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. சத்தம் இல்லாமல் இருப்பதைப் பற்றியும்.

ஆவுடைக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. நீ போன மார்கழி கழிந்து தையில் பிறந்தாள். சங்கரி என்று பெயர். என் மகள் வயிற்றுப் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, இந்தத் தெருவில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததில்லை. கண் இருக்கிறதே, உன் வீட்டு மாடத்து விளக்கு மாதிரி நின்று எரியும். பார்த்தால் பார்த்ததுதான், விடாது. காக்கையைப் பார்க்கும், கொடியில் ஆடும் சேலையைப் பார்க்கும், என் உதட்டைப் பார்க்கும். "என்ன பெரியம்மா, பேத்தி ஒங்கள அளந்து பாக்கா!" என்று தயிர்க்காரி சொன்னாள். "பாக்கட்டுமே, அளக்கிற மாதிரிதான இருக்கேன்" என்றேன். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போவதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? மூச்சு வாங்கிக்கொண்டே, "பிள்ளைக்கு நம்ம பாட்டப் படி கோமு. விட்டில் அடிய விட்டுராத" என்றாய். விடவில்லை. பிறந்த பதினாறு கழிந்து தொட்டிலில் போட்ட அன்றைக்கே தொடங்கிவிட்டேன்.

படிக்கிறவர்களுக்காக அந்தப் பாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். ஆவுடை கைக்குழந்தையாக இருந்தபோது எதற்கும் தூங்க மாட்டாள். நான் தொட்டிலை ஆட்டுவேன், நீ சுவருக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றிக்கொண்டே பாடுவாய். மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்ற பாட்டெல்லாம் தீர்ந்துபோனது. அப்போதுதான் ஒரு நாள் தொட்டில் கயிற்றில் எறும்பு வரிசையாக ஏறியது. "ஏ மதினி, எறும்புல்லா வருது" என்று நான் கத்தினேன். "வரட்டுமே, அது ராசாகிட்டயே பேசுனதுலா" என்றாய் நீ.

நோன்பு நாட்களில் உன் வாப்பா சொன்ன கதை. உங்கள் வேதத்தில் வருகிறதாம். ராஜாவாகவும் நபியாகவும் இருந்த ஒருவர் பெரிய படையோடு வருகிறார். வழியில் ஒரு எறும்பு மற்ற எறும்புகளிடம், வீட்டுக்குள் போய்விடுங்கள், தெரியாமல் மிதித்துவிடப் போகிறார்கள் என்கிறது. குதிரைச் சத்தத்திலும் யானைச் சத்தத்திலும் அது யார் காதில் விழும்? அவர் காதில் விழுந்தது. விழுந்ததும் சிரித்தார். எங்களுக்கும் எறும்புக் கதை உண்டு என்றேன் நான். தேவர்களெல்லாம் எறும்பாக மாறிச் சாமியைக் கும்பிடப் போனார்கள். எண்ணெய் பூசிய மேனி, கால் வழுக்குகிறது. ஏற முடியவில்லை. சாமி பார்த்தார், தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

நீ நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டாய். "சாய்ச்சா குடுத்தாரு?" என்று கேட்டாய். "ஆமா, இன்னும் சாய்ஞ்சுதான் இருக்காராம்" என்றேன். பிறகு உன் குரல் வந்தது:

*எறும்பு வரும் எறும்பு வரும் என் கண்ணே,*
*எட்டி நின்னு சேதி சொல்லும்;*
*காதைச் சாய்ச்சு ராசா கேப்பார், என் கண்ணே,*
*கண்ணசந்து நீயும் கேளு.*

உன் ராஜாவையும் என் சாமியையும் ஒரே வரியில் கட்டிப்போட்டுவிட்டாய். அப்புறம் வண்டு வந்தது. கோயிலில் ஓதுவார் பாடும்போது, வண்டே, நீ போய் அவன் பாதத்தில் ஊது என்று வரும் என்றேன். நீ உடனே, "ஒங்க சாமிகிட்ட வண்டு போகுது. எங்க அல்லா தேனீக்குச் சேதி சொல்லியனுப்புதான், மலையில வீடு கட்டு, மரத்துல வீடு கட்டுன்னு" என்றாய். "ஆகக்கூடி ரெண்டு பக்கமும் வண்டுக்குத்தான் யோகம். நமக்கு இந்தக் கெணத்தடிதான்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் ஆவுடை முழித்துக்கொண்டாள். அந்த அடிக்கு நீ உதட்டை மூடி ம்ம்ம் என்று ஊதுவாய். சுவரே ஊதுவதுபோல இருக்கும்.

கடைசியில் விட்டில். தப்ஸ் மேளம் அடித்துக்கொண்டு தெருவில் வரும் பக்கீர், விளக்கின் மேல் ஆசைப்பட்டு விட்டில் எரிந்துபோவதைப் பாடுவார். இறைவன் மேல் அப்படி ஆசை வைக்க வேண்டுமாம். கூட்டம் கண்ணைத் துடைக்கும். நீ மட்டும் அவருக்கு அரிசி போட்டுவிட்டு வந்து என்னிடம் முணுமுணுப்பாய். "வெந்து சாகுறதப் போய்ப் பாட்டாப் படிக்காவொ. பிள்ளைக்குப் படிக்கையில நாம வெளக்க மறைச்சிருவோம்."

அப்படித்தான் அந்த அடி உண்டானது. அதற்கு வார்த்தை கிடையாது. விளக்கின் ஒரு பக்கத்தை உள்ளங்கையைக் குவித்து மறைக்க வேண்டும், சுடாத தூரத்தில். மற்ற கை விரல்களை விட்டில் இறக்கைபோல அடிக்க வேண்டும். சுவரில் பெரிய விட்டில் நிழல் பறக்கும். வாய் திறக்கக்கூடாது. நான் ஒரு தரம் மறந்துபோய் ஏதோ முனகினேன். "சும்மா இரு மதினி! விட்டிலுக்குச் சத்தம் கிடையாது. சத்தம் இல்லாததுக்குச் சத்தம் போட்டுப் பாடுனா அது பொய்லா?" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டித் திட்டினாய். பாட்டு முடிகிற இடத்தில் வீடே அமைதியாகி, நிழல் மட்டும் பறக்கும். ஆவுடை அதில்தான் தூங்குவாள்.

சங்கரி அதில் தூங்கவில்லை. அதில்தான் விழித்தாள்.

எறும்பு அடிக்குச் சும்மா கிடப்பாள், விரலைச் சூப்புவாள். வண்டு அடிக்கும் அப்படித்தான். விட்டில் அடி வந்ததும் காலை உதைத்து, கண்ணை விரித்து, பல்லில்லாத வாயால் அப்படி ஒரு சிரிப்பு. வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். "எம் பேத்திக்கு ராகமே வேண்டாம், அம்புட்டு ஞானம், ஊமப் பாட்டே அவளுக்குப் பாட்டு" என்று நீட்டி முழக்கினேன். ஆவுடையின் மாமியார் சுப்பம்மாள் பனவடலிசத்திரத்திலிருந்து பார்க்க வந்தபோது, தொட்டில் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கேற்றி ஆடிக் காட்டினேன். நான் எவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனி மாசம் ஒரு நாள் சம்பந்தி மறுபடியும் வந்திருந்தாள். சங்கரி பாயில் குப்புறக் கிடந்தாள். சம்பந்தி எழுந்தபோது அவள் முழங்கை பட்டு, அடுக்கி வைத்திருந்த பித்தளைக் குடம் உருண்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு உன் வீட்டுத் தறியே நின்றது. "என்ன பெரியம்மா?" என்று உன் கொழுந்தன் மகன் குரல் கொடுத்தான். என் கையிலிருந்த கரண்டி கீழே போய்விட்டது. சங்கரி மட்டும் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

சம்பந்தி குடத்தை எடுக்கவில்லை. பிள்ளையையே பார்த்தாள். பிறகு அவள் தலைக்குப் பின்னால் போய்க் கை தட்டினாள். தாம்பாளத்தைத் தட்டினாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் சிரித்தாள். "பாத்தேளா, சிரிக்கா!" என்றேன். "ஒங்களப் பாத்துச் சிரிக்கா சம்பந்தி. கேட்டுச் சிரிக்கல்ல" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் எனக்கு விட்டில் அடியின் அர்த்தம் விளங்கியது. நம் பாட்டில் அந்த ஒரு அடிதான் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் தொட்டிலுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறது. நான் சுவர்ப்பக்கம் போய் நின்று உன்னைக் கூப்பிட்டேன் மதினி. வாய்விட்டுத்தான் கூப்பிட்டேன். தறிச் சத்தம்தான் வந்தது.

சம்பந்தி கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்தவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அவளுக்கு அது கையிலேயே கிடைத்தது. "பிள்ள பொறந்த நாள்லருந்து எறும்பு, வண்டு, விட்டிலுன்னு பூச்சியாக் கூப்ட்டுக் கூப்ட்டுப் பாடுனீயள்லா? கூப்ட்டா வராதா? ஒண்ணு காதுக்குள்ள பூந்துட்டு" என்றாள். ஆவுடை, "அத்தே, எனக்கும் அதத்தான் படிச்சாங்க. எனக்குக் காது கேக்குல்லா?" என்று கேட்டாள். "ஒனக்குப் படிச்சது அந்த சைனம்பு. அவ ஓதிக்கிட்டே படிச்சிருப்பா, பூச்சி அண்டியிருக்காது. ஒங்கம்மைக்கு ஓதத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டாள். செத்துப்போன பிறகும் நீதான் ஜெயித்தாய்.

நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டில் பாம்போ தேளோ பூரானோ தொல்லை கொடுத்தால், கோயில் வாசல் கடையில் அதன் உருவைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவோம். நீ இதை எடுத்துக்கோ, எங்களை விட்டுவிடு என்று அர்த்தம். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் கூடியிருக்கும்போது சம்பந்தி எங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"எறும்பு ஒண்ணு, வண்டு ஒண்ணு, விட்டில் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்றாள். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பாம்பு இருக்கு, தேளு இருக்கு, பல்லி இருக்கு. எறும்புக்கு உரு அடிக்கணும்னா நான் கண்ணாடி போட்டுட்டுல்லா ஒக்காரணும்?" என்றார். "விட்டிலாவது தாங்க." "விட்டிலு யாரத்தா கடிச்சுது? அதுக்குப் போய் யாரு வேண்டுவா?" கடைசியில் என்னவென்று சொல்ல முடியாத ஒரு பூச்சித் தகட்டைத் தேடி எடுத்தார். ஆறு காலா எட்டுக் காலா என்று எண்ண முடியவில்லை. காது உரு ஒன்றும் வாங்கினோம்.

உண்டியல் பக்கம் போனதும் சம்பந்தி என் கையில் அந்தப் பூச்சியைத் திணித்தாள். "பாடுனவொதான் போடணும். இனிமே அந்தப் பாட்டு இந்தப் பிள்ளைக்குக் கெடையாதுன்னு சொல்லிப் போடுங்க." காது உருவைப் போட்டேன், கண்ணில் நீர் வழியப் போட்டேன். பூச்சியைப் போட வரவில்லை மதினி. அது நீ மாதிரி இருந்தது. தகடு உள்ளங்கையில் சுட்டது.

அதற்குள் சம்பந்தி பிரசாதப் புற்றுமண்ணை வாங்கி வந்து பிள்ளையின் காதோரம் பூசினாள். நான் மெதுவாகக் கேட்டேன், "இந்தப் புத்தக் கட்டுனது யாரு சம்பந்தி?"

"பாம்பு இருக்குற புத்து."

"இருக்குறது பாம்பு. கட்டுனது யாரு?"

அவள் மண்ணைப் பூசிக்கொண்டே இருந்தாள். "கரையான்தான?" என்றேன். "பூச்சி வாயில எடுத்துக் கட்டுன மண்ணத்தான அம்மன் மருந்தாக் குடுக்கா? அவகிட்டயே போய்ப் பூச்சிய எடுத்துக்கோன்னு எப்படிச் சொல்ல?" சம்பந்தி என்னை முறைத்தாள். "ஒங்ககிட்டப் பேச ஒரு வக்கீலுல்லா வேணும்!" என்று சொல்லி, தகட்டை என் கையிலிருந்து பிடுங்கித் தானே போட்டாள். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. சங்கரி என் தோளில் சாய்ந்து, கோபுரத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டை நிறுத்தினேன். மகள் வாழ வேண்டிய வீடு அது. நிறுத்தினேன். தொட்டிலைச் சும்மா ஆட்டினேன். விளக்கேற்றும் நேரத்தில் பிள்ளை சுவரைப் பார்க்கும். வெறும் சுவரை அது எவ்வளவு நேரம் பார்த்தது தெரியுமா? நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

புரட்டாசியில் ஆவுடையும் நானும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினோம். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா விளக்கு வைத்துக் காதைப் பார்த்தார். மணியடித்தார், ஊதல் ஊதினார். "இது பிறவியிலேயே வந்ததும்மா. கேட்காது" என்றார். "உள்ள பூச்சி கீச்சி எதுவும்..." என்று நான் இழுத்தேன். "ஒன்றுமில்லை. காது சுத்தமாக இருக்கிறது." "பாட்டு ஏதும் படிச்சதால..." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாட்டுப் படித்து எந்தக் காதும் கெட்டதில்லை ஆச்சி" என்றார். என் சுமையில் பாதி இறங்கியது. மறு பாதி அங்கேயே இரட்டிப்பானது. கேட்காது என்று சொல்லிவிட்டாரே.

அந்த ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அவர்தான் வழி சொன்னார். வெளிக் கம்பிக்கதவு வழியாகப் பார்த்தோம். விளையாட்டு நேரம்போல. வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் கூட்டமாக நின்று விரலால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமில்லை. வெயில் இலை வழியாக விழுந்து கைகள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. ஒருத்தி ஏதோ விரலால் சொல்ல, மற்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆவுடை என் தோளைப் பிடித்தாள். "எம்மா, விட்டிலு" என்றாள். நான் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். கனவா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். நீயும் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல நினைவில் இருக்கிறதே, அது எப்படி?

அந்தச் சேதியைச் சொன்னதும் சம்பந்தி இடிந்துபோனாள். பிறகு இறுகிப்போனாள். ஐப்பசியில் வந்து சொன்னாள், "தெருவுல வெரல ஆட்டிக்கிட்டு நின்னா ஊமச்சி வீடுன்னுல்லா பேராகும்? எம் மவன் தலை நிமிந்து நடக்க வேண்டாமா? பிள்ள ஒங்ககிட்டயே இருக்கட்டும் சம்பந்தி. நாளைக்கு ஆவுடைய மட்டும் கூட்டிட்டுப் போறேன்." ஆவுடை பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தாயையும் பிள்ளையையும் பிரிப்பது என்றால் இவ்வளவு சாதாரணமாக, வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் முதல் மழை பெய்து நின்றது. மண் வாசம் அடங்கு முன்னால் ஈசல் கிளம்பியது. உன் வீட்டுப் பின்பக்கத்துப் புற்றிலிருந்து புகை எழும்புவதுபோலக் கிளம்பியது. சம்பந்திக்கு ஈசலென்றால் உயிர். வருத்தமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் விளக்கை வைத்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். விழுவதை அள்ளி அரிசியோடு வறுக்க வேண்டும். ஈசல் வந்து வந்து தண்ணீரில் விழுந்தது. இறக்கைகள் மிதந்தன.

சங்கரி ஆவுடையின் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போனாள். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பறக்கிறதையெல்லாம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு சம்பந்தியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வலது கையைத் தூக்கினாள். குட்டி விரல்களை விரித்து, மூடி, விரித்து, மூடி அடித்தாள்.

நான் ஆவுடையின் தோளைத் தொட்டேன்.

சம்பந்தி முதலில் சிரித்தாள். "என்ன மக்கா, ஈசல் புடிக்கியா?" என்றாள். பிள்ளை கையை நிறுத்தவில்லை. விளக்கைக் காட்டியது, சுவரைத் திரும்பிப் பார்த்தது, மறுபடியும் விரலை அடித்தது. அந்தப் பார்வைதான் உனக்குத் தெரியுமே, விடாது. சம்பந்தியின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "ஏ ஆவுடை... இவ எங்கிட்ட என்னமோ கேக்கா" என்றாள்.

"விட்டில் பாட்டக் கேக்கா அத்தே" என்றாள் ஆவுடை. "நீங்க நிறுத்தச் சொன்னீயள்லா? அதக் கேக்கா. இம்புட்டு நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா."

சம்பந்தி பாத்திரத்திலிருந்து விளக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். நான் அன்றைக்கு ஆடிக் காட்டியதை எங்கே மனசில் வைத்திருந்தாளோ, ஒரு உள்ளங்கையைக் குவித்து விளக்கை மறைத்தாள். வந்துகொண்டிருந்த ஈசல்கள் அவள் புறங்கையில் முட்டி விலகிப் போயின. மற்ற கையைத் தூக்கினாள். வயலில் களை பறித்துக் காய்த்த விரல்கள். சரியாக வரவில்லை. சுவரில் விட்டிலுக்குப் பதில் நண்டு மாதிரி ஏதோ நகர்ந்தது. சங்கரி காலை உதைத்துச் சிரித்தாள், பார் மதினி, அந்தச் சிரிப்பை மறுபடியும் பார்த்தேன். சம்பந்தி பேசாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். தலையை நன்றாகச் சாய்த்துப் பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள், அது சொல்வது காதில் விழும் என்பதுபோல.

நீ அங்கே இருந்தால் சுவருக்கு மேலே தலையை நீட்டியிருப்பாய். சாய்ந்து கொடுத்தவரை உனக்கு நான் காட்டியிருப்பேன்.

மறுநாள் காலையில் பனவடலிசத்திரம் பஸ்ஸுக்குச் சம்பந்தி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை அவள் இடுப்பில்தான் இருந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னலில் எட்டி, "மத்த அடியெல்லாம் இவளுக்கு எப்படிச் சொல்ல? எறும்பு அடி? அதயும் காட்டித் தாங்க. நீங்கதான வக்கீலு" என்றாள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தை பிறந்ததும் ஆவுடையோடு பாளையங்கோட்டைக்குப் போகிறேன். பிள்ளைக்கு வயசு வருகிற வரைக்கும் வீட்டார் வந்து விரல் எழுத்துப் பழகிக்கொள்ளலாமாம். அஞ்சாம் வகுப்போடு நின்ற கோமு இந்த நரைத்த தலையோடு மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் சேருகிறாள், சிரிக்காதே. எறும்பு அடியை அவள் முழங்கையிலிருந்து தோள்வரைக்கும் ஊர்ந்து காட்டுவேன். வண்டு அடிக்கு அவள் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து, நீ ஊதுவதுபோல உதட்டை மூடி ஊதுவேன். ராஜாவுக்கும் சாமிக்கும் விரல் எழுத்தில் என்ன வார்த்தை என்று கேட்டுக்கொண்டு வருவேன். விட்டில் அடியை மட்டும் தொட மாட்டேன். அதை நீ சரியாகவே பாடிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இது உன்மேல் ஆணை.

தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. முதல் விட்டில் வந்துவிட்டது. இனி நீ கேட்கும் கடைசி வரியைச் சொல்லலாம்.

பிள்ள நல்லா இருக்கா மதினி.

கிணற்றுக்கு இந்தப் பக்கத்து உன் மதினி,
சங்கரியின் ஆச்சி,
கோமு